தண்ணீர் குடித்த கல்

அருங்காட்சியகத்தில் கற்கள் கூடத்துக்கு வழிகாட்டியாக இருந்தவளைப் பள்ளிப் பிள்ளைகள் கல் டீச்சர் என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் பெரியவர்களுக்கும் தொற்றிக்கொண்டு, வாசல் காவலாளி முதல் மேலதிகாரி வரை எல்லோர் வாயிலும் அவள் கல் டீச்சர்தான். பெயரில்தான் கல். வாயைத் திறந்தால் கூட்டம் கலையாது. வைரத்தையும் மரகதத்தையும் பார்க்க வந்தவர்கள் அவளிடம் மாட்டிக்கொண்டால், கடைசியில் சுவரோரமாக இருந்த ஓபல் பெட்டியின் முன்னால்தான் போய் நிற்பார்கள்.

அந்தப் பெட்டியில் இருந்தவை அப்படியொன்றும் பெரிய கற்கள் இல்லை. பால் நிறத்தில் சில, கருநிறத்தில் இரண்டு. ஆனால் தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் ஒரே கல்லுக்குள் சிவப்பும் பச்சையும் நீலமும் பற்றிக்கொண்டு ஓடும். நேரே நின்று பார்த்தால் இது முகம் காட்டாது, கொஞ்சம் ஆடுங்கள் என்பாள். தலைப்பாகை கட்டிய பெரிய மனிதர்கூட வெட்கப்பட்டுக்கொண்டே இடமும் வலமும் ஆடுவார். ஆடினவன் அப்புறம் இடத்தை விட்டு அசைய மாட்டான் என்பது அவள் அனுபவம். அதற்கப்புறம்தான் கதைகளை அவிழ்ப்பாள்.

ரோமாபுரியில் ஒரு பிரபுவிடம் கொட்டைப் பாக்கு அளவில் ஒரு ஓபல் மோதிரம் இருந்ததாம். அதிகாரத்தில் இருந்தவன் அதன்மேல் கண் வைத்தான். கல்லைக் கொடு, இல்லாவிட்டால் ஊரை விட்டு ஓடு என்றான். பிரபு வீடு வாசல் சொத்து சுகம் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மோதிரத்தோடு மட்டும் ஓடிப்போனான். பெண்டாட்டியையாவது கூட்டிக்கொண்டு போனானா என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பாள். பெண்கள் பக்கம் சிரிப்பு எழும். அரபு நாட்டார் இது மின்னலோடு வானத்திலிருந்து விழுந்தது என்றார்களாம். திருடர்கள் இதை வாசனை இலையில் சுற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டால் ஆளே கண்ணுக்குத் தெரியமாட்டான் என்று நம்பினார்களாம். ஏன் அப்படியென்றால், இது வைத்திருப்பவன் பார்வையைக் கூர்மையாக்கும், எதிரில் இருப்பவன் பார்வையை மழுக்கும். கண்ணுக்கு உகந்த கல் என்று வைத்தியர்களே சொல்லிவந்தார்கள். பிறகு காலம் மாறி ஆகாத கல் என்று பெயர் வந்தது. ஒரு ராஜாவின் ஓபலைப் பதிக்கும்போது கீறல் விழச் செய்த பொற்கொல்லனின் கையை வெட்டிப்போட்டார்களாம். அதைக் கேட்டு நடுங்கின பொற்கொல்லர்கள்தான், இந்த வம்பே வேண்டாம் என்று கெட்ட பெயரைக் கிளப்பிவிட்டார்கள் என்பது ஒரு கட்சி. வெனிஸ் நகரத்தில் கொள்ளைநோய் வந்தபோது, நோயாளி விரலில் ஓபல் தணலாக மின்னுமாம், உயிர் பிரிந்ததும் சட்டென்று அணைந்து போகுமாம் என்பது இன்னொரு கட்சி.

இவ்வளவும் சொல்லி முடித்துத் தன் வலது கையைத் தூக்கிக் காட்டுவாள். அவள் மோதிர விரலில் ஒரு பால் நிற ஓபல் இருந்தது. "இது எங்க வீட்டுக்காரர் வாங்கிட்டு வந்தது. சரக்குக் கப்பல்ல அதிகாரி. கடல் இவரைத் தூக்கிப் போடும், இவர் திரும்ப எழுந்து நிப்பார்," என்று தொடங்கி, அவர் சொன்ன இரண்டு புயல்களை நான்காக்கிச் சொல்வாள். ரோமாபுரிப் பிரபுவுக்குக் கிடைக்காத கைதட்டல் அவருக்குக் கிடைக்கும்.

அவர் வருஷத்தில் பெரும்பகுதி கடலில். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அவள் தனியாக இருந்து பழகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபோன் வரும். பின்னால் இன்ஜின் சத்தம் இரையும். சாப்பிட்டாயா, தூங்கினாயா, கடல் எப்படி, நன்றாக இருக்கிறது. அவ்வளவுதான் பேச்சு. அந்த நாலு வார்த்தை அவளுக்கு வாரம் முழுக்கப் போதும்.

போன விடுமுறைக்கு வந்தபோது தந்த மோதிரம் அது. தொலைந்துவிடக் கூடாதென்று பயணம் முழுக்கத் தன் சுண்டுவிரலிலேயே போட்டுக்கொண்டு வந்ததாகச் சொன்னார். அவளுக்குக் கொஞ்சம் தொளதொள. நூல் சுற்றிப் போட்டுக்கொண்டாள். தண்ணீரில் கை வைக்குமுன் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவாள். ஒரு சனிக்கிழமை, வீட்டுத் திரைச்சீலைகளை எல்லாம் கழற்றிப் பெரிய வாளியில் ஊறப் போட்டபோது மட்டும் அந்த நினைப்பு வரவில்லை.

சாயங்காலம் விரலைப் பார்த்தால் வெறும் விரல். மெத்தையைப் புரட்டினாள், அரிசி டப்பாவைக் கவிழ்த்தாள், தொட்டிக் குழாயின் அடிமூடியைத் திருகிக் கழற்றிக் கையை விட்டுத் துழாவினாள். ஒன்றுமில்லை. மறுநாள் காலையில் திரைச்சீலையைப் பிழியும்போது வாளிக்குள் டக்கென்று ஒரு சத்தம். மோதிரம்! அப்பாடா என்று எடுத்துப் பார்த்தாள். மோதிரம் இருந்தது, கல் இருந்தது, கல்லுக்குள் எதுவும் இல்லை. ஒரு பொறிகூட இல்லை. பால் வெள்ளைகூடப் போய், உடைந்த கண்ணாடிச் சில்லு மாதிரி அடியிலிருந்த தங்கத் தகடு அப்படியே தெரிந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஃபோனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஈரத் திரைச்சீலைகளை மாட்டினாள். மத்தியானம் ஆயிற்று. வெயில் இறங்கியது. ஃபோன் வரவில்லை.

திங்கட்கிழமை ஒரு பள்ளிக்கூடம் முழுவதும் வந்திருந்தது. ரோமாபுரியைத் தாண்டினாள், திருடர்களைத் தாண்டினாள், கொள்ளைநோய்க்கு வந்ததும் நின்றுவிட்டாள். உயிர் பிரிந்ததும் அணைந்து போகும் என்கிற வரியைச் சொல்லாமலே அடுத்த பெட்டிக்கு நகர்ந்தாள். இந்தக் கதையை இத்தனை வருஷமாக ஏதோ கூடையில் பூ அள்ளி வீசுவது போல வீசிக்கொண்டிருந்திருக்கிறோமே என்று தோன்றியது. முன்வரிசையில் நின்ற சிறுமி, உங்கள் மோதிரத்தைக் காட்டவே இல்லையே டீச்சர் என்றாள். அது இன்றைக்கு லீவு என்று சொல்லிச் சமாளித்துக் கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

கூட்டம் போனதும் நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். அங்கே கற்களைப் பரிசோதிப்பவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு மேசை மேல் கண்ணாடியைத் தேடுகிற ஆள். மோதிரத்தை விளக்கடியில் ஒரு தடவை திருப்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"தண்ணி குடிச்சிருக்கு டீச்சர். சில ஓபலுக்கு அந்தப் பழக்கம் உண்டு. உள்ள பொடிப்பொடியா ஓட்டை. தண்ணி ஏறினா வெளிச்சம் சிதறாம நேரா போயிடும், நிறமும் போயிடும். வெயில்ல வைக்காதீங்க, சூடு காட்டாதீங்க. அது பாட்டுக்குக் கிடக்கட்டும், தானா காஞ்சு பழையபடி ஆயிடும்."

இது அவளுக்குத் தெரியாத சங்கதியா? சில ஓபல் தண்ணீர் குடிக்கும் என்று அவளே எத்தனையோ கூட்டத்துக்குச் சொல்லியிருக்கிறாள். அறிவு சரி என்று தலையாட்டியது. வயிறு ஆட்டவில்லை. போட்டிருப்பவர் உயிரைத்தானே கல் காட்டும், நான்தான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேனே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். உடனே இன்னொரு நினைப்பு எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தது. உனக்கு முன்னால் யார் போட்டிருந்தார்கள்?

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து அடுப்பையே அணைத்தது. மாட்டின திரைச்சீலையைக் கழற்றித் திருப்பி மாட்டினாள். மோதிரத்தை ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு ஜன்னலோரம் வைத்திருந்தாள். அதைப் பார்க்கக் கூடாது என்று சமையலறைக்குப் போவாள், போன வேகத்தில் திரும்பி வந்து பார்ப்பாள். கண்ணாடிச் சில்லு கண்ணாடிச் சில்லாகவே கிடந்தது.

செவ்வாய்க்கிழமை கப்பல் கம்பெனி ஆபீசுக்கு ஃபோன் செய்தாள். ஒருவர் இன்னொருவரிடம் கொடுத்தார், அவர் பாட்டுப் போட்டுவிட்டுப் போனார். கடைசியாக வந்த பெண், கப்பல் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது, எந்த ஆபத்தும் இல்லை என்றாள். வீட்டுக்காரரோடு பேச முடியுமா என்று இவள் கேட்டதும், நீங்கள் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். மனைவி என்றதும் அந்தப் பக்கம் குரல் இறங்கிவிட்டது.

"அவரே உங்ககிட்ட பேசுவாரும்மா," என்றாள் அந்தப் பெண். உடனே ஃபோனை வைத்துவிட்டாள்.

கப்பல் நல்லபடியாக இருக்கிறது, பிறகு ஏன் குரல் இறங்கியது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அவள் அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே எத்தனை மைல் நடந்தாளோ.

சாயங்காலம் நாத்தனார் வந்தாள். அவருக்கு மூத்தவள், இரண்டு தெரு தள்ளித் தையல்கடை வைத்திருப்பவள். கழுத்தில் அளவு டேப்பைக் கழற்றாமலே கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். மனசில் பட்டதை மடித்து வைக்கத் தெரியாத மனுஷி. இந்த மோதிரம் வந்த நாளிலிருந்தே அவளுக்குப் பிடிக்காது; உலகத்தில் வேறு கல்லா இல்லை, போயும் போயும் இதையா வாங்கினான் என்று முகத்துக்கு நேரே சொன்னவள். நாலைந்து நாளாகக் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் தினம் ஒரு தரம் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்து, தம்பி பேசினானா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றும் அதைக் கேட்க வாயெடுத்தவள், ஜன்னலோரக் கிண்ணத்தைப் பார்த்து அப்படியே நின்றாள்.

கல் டீச்சர் அவசரமாகச் சொன்னாள்: "அண்ணி, ஒண்ணும் இல்ல. தண்ணியில விழுந்துடுச்சு. காஞ்சா சரியாயிடும். ஆபீஸ்ல கேட்டுட்டேன்."

நாத்தனார் காதில் அது ஏறவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"அவன் உனக்கும் பேசலையா?"

"இல்ல."

"எனக்கும் பேசல. ஒரு வாரமா எடுக்கவே மாட்டேங்கறான்."

கல் டீச்சருக்கு அந்த வார்த்தை உறைக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கட்டினவளுக்கே வாரத்துக்கு ஒரு தரம்தான் லைன் கிடைக்கிறது. நடுக்கடலில் இருப்பவரை இவள் எப்படி நினைத்தபோதெல்லாம் கூப்பிட்டாள்? அவள் கேட்கவில்லை, பார்த்தாள். அந்தப் பார்வைக்கே நாத்தனார் உடைந்துவிட்டாள்.

"அவன் கப்பல்ல இல்லம்மா. எறங்கி மூணு மாசம் ஆச்சு. கண்ணுல என்னமோ கோளாறாம், வேலையில இருந்து எடுத்துட்டாங்க. உனக்குச் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான். வேற வேலை தேடிக்கிட்டு அப்புறம் சொல்றேன்னான். இப்ப இந்தக் கல்லப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு."

துறைமுக ஊர் ஒன்றில், ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால், படகு இன்ஜின் பழுது பார்க்கும் பட்டறையின் மாடியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார் என்று சொன்னாள். கல் டீச்சருக்கு முதலில் அழுகை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள்தான் வரிசையாக ஞாபகம் வந்தன. கடல் எப்படி இருக்கிறது, நன்றாக இருக்கிறது. பின்னால் இரைந்த அந்த இன்ஜின் சத்தம்! கப்பலின் நெஞ்சுச் சத்தம் என்று கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாளே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனுஷன், அதற்குப் பின்னணிச் சத்தமும் ஏற்பாடு செய்திருக்கிறார். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஏறின கையோடு இறங்கி, ஒரு வாரமாக ஏன் எடுக்கவில்லை என்கிற பயமாக மாறியது.

மறுநாள் விடிந்ததும் இருவரும் பஸ் ஏறினார்கள். அரை நாள் பயணம். கல் டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், பிறகு வெளிப்பக்கம் மாறினாள், பிறகு டிரைவருக்குப் பின் சீட்டுக்குப் போனாள். அங்கே போனால் பஸ் இன்னும் வேகமாகப் போகும் என்பது போல. வீட்டில் வைத்துவிட்டு வர மனமில்லாமல் மோதிரத்தைப் போட்டுக்கொண்டே வந்திருந்தாள். நாத்தனார் அதைப் பார்க்காமலிருக்க வெளியே பார்த்தாள். அரை நிமிஷத்தில் திரும்பி அதையே பார்த்தாள். பாதி வழியில் கல் கொஞ்சம் மங்கலாகி, கஞ்சித் தெளிவு மாதிரி இருந்தது. அது நல்லதா கெட்டதா என்று நாத்தனார் கேட்டாள். காய்கிறது என்று அர்த்தம் என்றாள் இவள். அப்படிச் சொல்லும்போது தன் குரலிலேயே நம்பிக்கை இல்லாததைக் கேட்டாள்.

பட்டறையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. சத்தமே வழி காட்டியது. மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இவர்களை மேலும் கீழும் பார்த்தார். மாடிக்காரரா, அவர் கண்டெய்னர் யார்டில் சரக்குப் பெட்டிகளைச் சரிபார்த்து அனுப்புகிற வேலையில் இருந்தாரே, அது போய்விட்டது என்றார். பச்சைச் சீட்டு ஒட்டின பெட்டியும் சிவப்புச் சீட்டு ஒட்டின பெட்டியும் மாறிப்போய், ஒரு பெட்டி வேறு கப்பலில் ஏறிவிட்டதாம். அதிலிருந்து மனுஷன் யாரோடும் பேச்சு வைத்துக்கொள்வதில்லை, காலையில் கிளம்பினால் அலைதடுப்புச் சுவர் பக்கமாகவே நடந்துகொண்டிருக்கிறார் என்றார். அறையைத் திறந்து காட்டினார். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், சுவரில் கைக்கண்ணாடி. ஆணியில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சீருடைச் சட்டை, தோளில் பட்டையோடு. மேசையில் ஃபோன், திரை நொறுங்கி உயிரில்லாமல் கிடந்தது. கீழே விழுந்து உடைந்ததா, விட்டெறிந்து உடைந்ததா என்று பார்த்தால் தெரியவில்லை.

நாத்தனாரைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டுக் கல் டீச்சர் மட்டும் அலைதடுப்புச் சுவருக்கு நடந்தாள். நடை கொஞ்ச தூரத்தில் ஓட்டமாயிற்று. சுவரின் நுனியில், தண்ணீருக்கு மேல் குனிந்து ஒருவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். அதே உயரம், அதே தோள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பாறைகள் மேல் ஓடினாள். கிட்டே போனதும் அவர் திரும்பினார். யாரோ ஒரு பெரியவர், தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். மீன் போயிற்றே என்று முறைத்தார்.

எங்கெல்லாம் சுற்றினாள் என்று அவளுக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை. வலைக்கிடங்கு, எடைமேடை, பெட்ரோல் பங்க், ஆஸ்பத்திரி வாசல். ஆஸ்பத்திரி வாசலில் நின்றவள் உள்ளே போகவில்லை. கால் ஓய்ந்து பட்டறைத் தெருவுக்கே திரும்பி வந்தபோது, தெருமுனைக் குழாயடியில் தண்ணீருக்கு வரிசை நின்றிருந்தது. வரிசையில் நாலாவதாக, கையில் பச்சை வாளியோடு, மழித்த முகத்தோடு, சட்டை மடிப்புக் கலையாமல், அவள் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

அவளைப் பார்த்ததும் அவர் வாளியைக் கீழே வைத்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, மறுபடி எடுத்துக்கொண்டார். பின்னால் நின்ற பெண், முன்னால் நகருங்கள் என்று அதட்டினாள். அவர் நகர்ந்தார். இவளும் கூடவே நகர்ந்தாள். வாளி நிரம்பியதும் இருவரும் சேர்ந்தே மாடி ஏறினார்கள்.

மாடியில் நாத்தனார் தம்பியைப் பார்த்ததும் முதலில் அழுதாள். பிறகு டேப்பாலேயே ஓர் அடி கொடுத்தாள். ஃபோன் உடைந்தால் வேறு ஃபோனே ஊரில் இல்லையா, மனுஷர்கள் செத்துப் பிழைக்கவேண்டுமா என்று மூச்சு விடாமல் திட்டினாள். திட்டித் தீர்ந்ததும், இனி உங்கள் பாடு என்று கீழே இறங்கிப் போய், மெக்கானிக்கின் கிழிந்த சட்டைப் பையைத் தைத்துக் கொடுக்க உட்கார்ந்துவிட்டாள்.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னார். ஒன்றரை வருஷமாகவே சிவப்பும் பச்சையும் ஒன்றுபோல் சாம்பலாகத் தெரியத் தொடங்கியிருந்தது. பழக்கத்தால் சமாளித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவர் காவலில் கப்பல் போய்க்கொண்டிருந்தபோது, எதிரே வந்த படகின் விளக்கை நிறம் மாற்றிப் படித்துவிட்டார். பக்கத்தில் நின்ற மாலுமி கத்தியிராவிட்டால் அந்தப் படகு இருந்திருக்காது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, யாருக்கும் தெரிந்திருக்கவும் போவதில்லை. ஆனாலும் அவரே போய்க் கேப்டனிடம் சொல்லி, என் கண்ணைச் சோதியுங்கள் என்று கேட்டார். சோதித்தார்கள். அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள்.

கல் டீச்சர் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கீழே பட்டறையில் ஓர் இன்ஜினைக் கிளப்பினார்கள். கட்டில், ஜன்னல், கைக்கண்ணாடி எல்லாம் அதிர்ந்தன.

"மூணு மாசமா இந்தச் சத்தத்த எனக்குக் கடல்னு வித்திருக்கீங்க," என்றாள்.

"கேப்டன்கிட்ட சொல்ல முடிஞ்சுது. உன்கிட்ட முடியல."

"நான் என்ன கேப்டனுக்கும் பெரிய ஆளா?"

"நீ ஊருக்கெல்லாம் என்னைக் கதையா சொல்லி வச்சிருக்க. புயல்ல எழுந்து நிக்கிறவன்னு. அந்த ஆளு சிவப்பு எது பச்சை எதுன்னு தெரியாம எறக்கி விடப்பட்டான்னு எப்படிச் சொல்றது? கப்பல்லேர்ந்து எறங்கிட்டேன். அந்தக் கதையிலேர்ந்து எறங்க எனக்கு ஏணி கிடைக்கல."

அவளுக்குச் சுருக்கென்றது. கையைப் பிசைந்துகொண்டே ஜன்னல் பக்கம் போனாள். அப்போதுதான் கவனித்தாள். வெளிச்சத்தில் கல்லின் ஓர் ஓரத்தில் பால் வெள்ளை திரும்பியிருந்தது. அதற்குள் மெல்லிசாக ஒரு சிவப்பு இழை, பக்கத்தில் புல் நுனி அளவு பச்சை, அடியில் நீலம். அவள் மூச்சை இழுத்த சத்தம் கேட்டு அவரும் எழுந்து வந்தார். அவள் கையைப் பிடித்துத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"நீலம் தெரியுது. மத்தது எல்லாம் சாம்பல்தான்."

"வாங்கும்போதும் இப்படித்தான் தெரிஞ்சுதா?"

அவர் அவள் கையை விட்டுவிட்டுச் சீருடைச் சட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இது உனக்குன்னு வாங்கினது இல்ல. எனக்கு வாங்கினது. கண்ணுக்கு உகந்த கல்லுன்னு நீ சொன்னியே. ஒரு லீவுல உன் கூட்டத்துக்குப் பின்னாடி நின்னு கேட்டேன். டாக்டர்கிட்ட போனா எழுதிக் கொடுத்துடுவார், வேலை போயிடும். இதை யாருக்கும் தெரியாம போட்டுக்கலாமேன்னு ஒரு பயணம் முழுக்கச் சுண்டுவிரல்ல போட்டுக்கிட்டுத் தினம் சிவப்பு விளக்கைப் பாத்துப் பாத்துச் சோதிச்சேன். ஒண்ணும் ஆகல. வீட்டுக்கு வந்ததும் நீ கையைப் பாத்து, எனக்கான்னு கேட்ட. ஆமாம்னுட்டேன்."

பொய் சொன்னதைவிட இந்த உண்மைதான் அவளை உட்காரவைத்தது. ஸ்டவ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எனக்கா என்று கேட்ட அந்தச் சாயங்காலத்தை எத்தனை கூட்டத்துக்குச் சொல்லியிருப்பாள்? கைதட்டல் வாங்குவதற்காக அள்ளி வீசின ஒரு வரியை, நட்சத்திரம் பார்த்துத் திசை சொல்லப் படித்த மனுஷன் பின்வரிசையில் நின்று, பொறுக்கி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். எடுத்துக்கொண்டுபோய் டாக்டருக்குப் பதிலாக வைத்துக்கொண்டிருக்கிறார். அழுதாள். நடுவில் சிரிப்பும் வந்தது. அவர் எதைத் தேற்றுவதென்று தெரியாமல், கொண்டுவந்த தண்ணீரில் ஒரு தம்ளர் மொண்டு கொடுத்தார்.

அவர் அன்றே அவர்களோடு கிளம்பிவிடவில்லை. வேறு வேலை கிடைத்தபிறகுதான் வீட்டுப் படி ஏறுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். வேலை கிடைக்கிறவரை நாங்களும் இங்கேயே இருக்கிறோம், மெக்கானிக்குக் கிழிந்த சட்டை நிறைய இருக்கிறது என்று நாத்தனார் கட்டிலில் காலை நீட்டிவிட்டாள். அவள் குறட்டையை ஓர் இரவு கேட்டதும் அவர் பெட்டியைக் கட்டிவிட்டார். திரும்பும் பஸ்ஸில் நாத்தனார் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, நிறம் திரும்பின கல்லைப் பார்த்துப் பார்த்து, தம்பி கிடைத்த நேரம்தான் அதற்கு உயிர் வந்தது என்று சாதித்தாள். கல் டீச்சர் தண்ணீர், ஓட்டை, வெளிச்சம் என்று ஒரு தரம் விளக்கினாள். நீ படித்தவள், உனக்கு அப்படித்தான் தெரியும் என்று அவள் முடித்துவிட்டாள்.

கண் டாக்டரிடம் இருவரும் சேர்ந்து போனார்கள். அவர் இருட்டறையில் வெகுநேரம் பார்த்தார். பார்வை நரம்பில் வீக்கம் வந்து தங்கியிருக்கிறது, மருந்து எடுத்தால் இதற்குமேல் போகாது, போன நிறம் திரும்பும் என்று நம்பிக்கை கொடுக்கமாட்டேன் என்றார். ஆரம்பத்திலேயே ஏன் வரவில்லை என்று கேட்டார். வீட்டுக்காரர் அவளைப் பார்க்கவில்லை, அவளும் அவரைப் பார்க்கவில்லை. பயம் டாக்டர் என்றார் அவர். அதுவும் உண்மைதான்.

அருங்காட்சியகத்தில் அவள் கதைகளை விட்டுவிடவில்லை. பிரபு ஓடினான், மின்னல் விழுந்தது, பொற்கொல்லர்கள் நடுங்கினார்கள். கண்ணுக்கு உகந்த கல் என்கிற இடம் வரும்போது மட்டும் முன்போல் ஓடிவிடாமல் நின்று, கூட்டத்தின் பின்வரிசையை ஒரு முறை முகம் முகமாகப் பார்ப்பாள். இதை நம்பி யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள் என்பாள். சிலர் அதையும் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். கையைத் தூக்கிக் காட்டுவதை நிறுத்திவிட்டாள்.

வீட்டில்தான் நிம்மதி இல்லை. வருஷக்கணக்காகத் தனியாக இருந்த வீட்டில் ஒரு முழு ஆள் காலையிலிருந்து சாயங்காலம்வரை நடந்துகொண்டிருந்தார். டப்பாக்களைக் கப்பல் சரக்கறை மாதிரி அடுக்கினார். அவள் கலைத்தாள். மறுபடி அடுக்கினார். கோபம் அவளுக்கு ஒரேயடியாகத் தீரவில்லை; சில நாள் நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே, மூன்று மாதம் என்று மனசுக்குள் ஒன்று எழும்பும், பேச்சை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். அவர் வாசல் பக்கமே போவதில்லை. யாராவது, எப்போது மறுபடி கப்பல் என்று கேட்டுவிட்டால்?

கேட்கத்தான் செய்தார்கள். ஒரு நாள் மருந்து வாங்கிக்கொண்டு இருவரும் மாடிப்படி ஏறும்போது, மேல்வீட்டுக்காரர் எதிரே இறங்கி வந்தார். என்ன சார், இந்தத் தடவை நீண்ட லீவா என்றார். கல் டீச்சர் வாயைத் திறந்தாள். ஒரு நல்ல பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மூடிக்கொண்டாள். இது அவர் சொல்லவேண்டியது.

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "லீவு இல்ல சார். வேலைய விட்டுட்டேன். கண்ணு சரியில்ல, நிறம் தெரியல."

மேல்வீட்டுக்காரர் அடடா என்றார், டாக்டரிடம் காட்டினீர்களா என்றார். பிறகு முகம் மலர்ந்து, குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராக ஓர் ஆள் கிடைக்காமல் தவிக்கிறோம், தண்ணீர்த் தொட்டி விவகாரம் ஒன்று கிடந்து நாறுகிறது, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்துவிடுங்கள், மறுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அவர் அங்கேயே நின்றுவிட்டார். இத்தனை மாதம் ஓர் ஊரில் ஒளிந்திருந்து காத்த ரகசியத்துக்குக் கிடைத்தது ஓர் அடடா, ஒரு தண்ணீர்த் தொட்டி.

"அவ்வளவுதானா?" என்றார் அவளைப் பார்த்து.

"அவ்வளவுதான் போல," என்றாள் அவள். "வாங்க, கால் வலிக்குது."

இரண்டு படி ஏறினதும், சங்கத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று அவர் கேட்டார். போனால் ஏன், போகாவிட்டால் ஏன் என்று மூன்றாவது மாடி வரும்வரை இருவரும் சண்டை போட்டுக்கொண்டே ஏறினார்கள்.